ஒன்றரை லட்ச ரூபா விடெக்

கேள்வி: அண்ணே, 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் ஒண்ணு ஒன்றரை லட்சம் சொல்றாங்க. ஸ்கூல் படிக்கும்போது எதிர்வீட்டு மாமா வச்சிருந்தாரு, அதுலருந்தே அந்த வண்டி மேல ஒரு கிறுக்கு. மணலில வேலை, டெய்லி அதுலயே போயிடலாம்னு பாக்குறேன். வாங்கலாமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வாங்குங்க தம்பி, ஆனா டெய்லி வேலைக்கு அதுலன்னு மட்டும் சொல்லாதீங்க. ஆபீஸ் போக பைக்கோ பஸ்ஸோ தனியா இருக்கணும், ஏன்னா இந்த வயசு வண்டி எந்த நாள் ஷெட்டுல நிக்கும்னு அதுக்கே தெரியாது.

நானும் இதே வயசுல ஒரு பெட்ரோல் வண்டி வச்சிருந்தேன், பேரு வேணாம். மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி, மூலக்கடை சிக்னல்ல ஆஃப் ஆயிடுச்சு. சாவிய போட்டா டேங்க்குள்ள பம்ப் ரெண்டு செகண்ட் ‘உய்ங்’னு கத்தணும், கத்தல. பின்னாடி கன்டெய்னர் லாரிக்காரரு ஹார்ன்லருந்து கையவே எடுக்கல. ஓரமா தள்ளிவிட்டு முக்கா மணி நேரம் உக்காந்தேன், சூடு தணிஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. அப்புறம் ரெண்டு மெக்கானிக், பம்ப மாத்தி ஃபில்டர மாத்தி பன்னெண்டாயிரம் காலி, கடைசில பாத்தா டேஷ்போர்டுக்கு அடில, பம்புக்கு கரண்ட் விடுற சுவிட்ச் மாதிரி இருக்குற ரிலேல ஈயம் விரிசல் விட்டு வெயில் ஏறுனா காண்டாக்ட் விட்டுடுது. எங்க தெருவுல டிவி ரிப்பேர் பாக்குறவரு திரும்ப ஈயம் வச்சு குடுத்தாரு, இருநூறு ரூபா! பழைய வண்டில சாமான் விலைய விட கோளாறு எங்கன்னு தேடுற செலவுதான் ஜாஸ்தி.

அதனால வாங்குற காசுல பாதிய தனியா எடுத்து வைங்க, முதல் வருஷமே கேக்கும். இன்ஜின்ல வால்வுங்கள நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் எப்ப மாத்துனாங்கன்னு பில் இல்லன்னா வாங்குன அன்னைக்கே மாத்திடுங்க, அறுந்துச்சுன்னா வால்வு பிஸ்டன்ல இடிச்சு இன்ஜின இறக்க வேண்டி வரும். இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதுக்கு பண்ணது இல்ல, பெட்ரோல் வாசனை லேசா வந்தாலும் உடனே பாக்கணும். அப்புறம் துரு. காசிமேடு, ராயபுரம் பக்கம் தெருவுல நின்ன வண்டின்னா உப்புக்காத்து தின்னிருக்கும், மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும், டிக்கில ஸ்டெப்னிய தூக்கிட்டு அடில தட்டிப் பாருங்க, கால்மிதிய புரட்டிப் பாருங்க, சுத்தியலே வேணாம், கட்டைவிரலாலயே தெரிஞ்சிடும்.

ஆர்சியையும் பாருங்க. 2001 வண்டின்னா 2016, 2021, 2026னு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதியா இருக்கான்னு பாக்குறது) காமிச்சு ரெனீவல் பண்ணணும், 20 வருஷம் தாண்டுன காருக்கு 2025 ஆகஸ்ட்லருந்து கட்டணமே 10,000, பசுமை வரி தனி. விக்கிறவரு அவசரப்படுறாருன்னா காரணம் இதாவும் இருக்கலாம்.

கேள்வி: புதுப்பேட்டை பழைய சாமான் கடைங்கள்ல இந்த மாதிரி பழைய வண்டிக்கெல்லாம் சாமான் கிடைக்குமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: பிரேக் பேட், கிளட்ச், ஃபில்டர் பிரச்சனையே இல்ல, வெளி கடைலயே புதுசு வரும். ஹெட்லைட், கதவு ஓரத்து ரப்பர் பீடிங், டேஷ்போர்டு பிளாஸ்டிக், இதுங்கதான் உயிர வாங்கும். புதுப்பேட்டைல கழட்டுன சாமான் வரும், ஆனா இன்னைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது, பழைய சாமான கைல எடுத்துட்டுப் போய் பக்கத்துல வச்சுப் பாத்து வாங்குங்க, போட்டோவ நம்பி வாங்கி ரெண்டு தடவ ஏமாந்திருக்கேன்.

கேள்வி: இப்ப வர்ற டர்போ காருங்கள விடெக் அடிச்சு ஓட்டுமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஓட்டாது. அது 106 பிஎஸ் (குதிரை சக்தி), இன்னைக்கு ஐ20 என் லைன் 1.0 லிட்டர் டர்போவே 120. விடெக்ல சுகம் வேற, வண்டி வெயிட் இல்ல, ஆர்பிஎம் ஏற ஏற இன்ஜின் சத்தம் மாறுறது இருக்கே அதுக்குத்தான் காசு. எண்ணூர் ரோட்டுல டெஸ்ட் பண்ணாதீங்க சாமி, இருங்காட்டுக்கோட்டைல 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கு, நம்ம வண்டிய உள்ள ஓட்ட விடுற டிராக் டே வச்சா அங்க போங்க. ஆனா பின்னாடி டிரம் பிரேக்குதான், நாலு ரவுண்டுல முன் பிரேக் சூடாகி பெடல் கீழ போகும், அஞ்சாவது ரவுண்டுக்கு முன்னாடி உள்ள வந்துடுங்க.