விறகு அறுக்க எந்த மிஷின்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம். வீட்டில் கேஸ் இருந்தாலும் வெந்நீர், நெல் அவிப்பது, விசேஷச் சமையல் எல்லாம் விறகில்தான். கொல்லை நிலத்தில் வேலிகாத்தான் நிறைய வெட்டிப் போட்டிருக்கிறோம், பட்டுப்போன புளியமரம் ஒன்றும் சாய்ந்து கிடக்கிறது. அப்பாவால் இனி கோடாலி பிடிக்க முடியாது. ஆன்லைனில் 58 சிசி, 22 இன்ச் பெட்ரோல் செயின் சா மிஷின் ஆறாயிரத்துச் சொச்சத்துக்குக் காட்டுகிறது. என்னிடம் இருப்பது எட்டாயிரம். வாங்கலாமா? கரண்ட் மிஷினே போதும் என்கிறார் மச்சான். எங்கள் ஊரில் சில நேரம் வோல்டேஜ் இறங்கும்.

பதில்: மச்சான் சொல்வதைக் கேளுங்கள். வீட்டு அடுப்புக்கு விறகு துண்டு போட 58 சிசி தேவையே இல்லை, 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) அதைவிடத் தேவையில்லை. பெட்டியில் 58 என்று பெரிதாகப் போட்டிருக்கும் மிஷின்கள் பலவற்றில் சிலிண்டர் அளவைக் கணக்குப் போட்டால் 54 சொச்சம்தான் வரும். அது போகட்டும், உண்மையிலேயே 58 இருந்தாலும் உங்களுக்கு என்ன லாபம்? ஸ்டில் கம்பெனி வீட்டு விறகுக்கென்றே விற்கும் எம்எஸ் 180 மாடல் வெறும் 31.8 சிசிதான், 14 அல்லது 16 இன்ச் பாரோடு வருகிறது, உலகம் முழுக்க வீட்டுக்காரர்கள் அதை வைத்துத்தான் விறகு அறுக்கிறார்கள். நீள பார் என்றால் கூடுதல் எடை, கூடுதல் செயின், தீட்ட வேண்டிய பல்லும் கூடுதல், அதோடு பாரின் நுனி எங்கே போகிறது என்று கண்ணில் படாது. செயின் சாவில் பெரிய விபத்துகள் பல அந்த நுனியில்தான் தொடங்குகின்றன.

உங்கள் வேலைக்கு 16 இன்ச் பார் உள்ள, 1800 முதல் 2000 வாட் வரை உள்ள கரண்ட் மிஷின் போதும். சுமார் நான்காயிரத்து ஐந்நூறிலிருந்து ஆறாயிரத்துக்குள் உருப்படியாகக் கிடைக்கும். பெட்ரோல் கலக்க வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம், ஆறு மாதம் மூலையில் கிடந்தாலும் கார்புரேட்டர் அடைக்காது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், சின்ன என்ஜினின் ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் டயாபிரத்தையும் அரித்துவிடும். தினமும் ஓட்டுகிறவருக்கு இது பெரிதில்லை. பொங்கலுக்கு ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை என்று எடுக்கிறவருக்குத்தான் ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்கிடம் அலைய வேண்டிவரும்.

வோல்டேஜ் விஷயத்துக்கு வருவோம். 1800 வாட் மிஷின் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும், அதனால் டிவி போடுகிற பிளக்கில் சொருகாதீர்கள், மோட்டாருக்கோ கீசருக்கோ போட்டிருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில்தான் கொடுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள், ஐயாயிரம் கொடுத்து மிஷின் வாங்கிவிட்டு கல்யாணப் பந்தலுக்கு சீரியல் பல்பு இழுக்கிற ஒயரில் ஓட்டினால், ஏற்கெனவே இறங்கியிருக்கும் வோல்டேஜ் அந்த ஒயரிலேயே இன்னும் இறங்கி, மோட்டார் திணறிச் சூடாகி, ஒரே சீசனில் காயில் கருகிவிடும். 2.5 ஸ்கொயர் எம்எம், மூன்று கோர் செம்பு ஒயர் வாங்குங்கள். 20, 25 மீட்டருக்கே இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும், ஆனாலும் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஓட்டும்போது ஒயரைச் சுருளாக வைக்காமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுருளுக்குள் சூடு தங்கிப்போகும். வோல்டேஜ் மீட்டர் 190க்குக் கீழே காட்டினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது அறுங்கள்.

கொல்லையில் கரண்ட் இல்லையே என்பீர்கள். புளியமரத்துக்கு மட்டும் மிஷின் வைத்திருக்கும் ஆள் ஒருவரை அரைநாள் கூலிக்குக் கூப்பிட்டு நான்கடி, ஐந்தடித் துண்டுகளாகப் போடச் சொல்லுங்கள். அந்தத் தடிமனுக்குத் தெரிந்த கை வேண்டும். துண்டுகளை டிராக்டரில் வீட்டுக்குக் கொண்டுவந்தால், மீதியை வாசலிலேயே நீங்கள் அடுப்பு நீளத்துக்கு அறுத்துக்கொள்ளலாம். வேலிகாத்தானைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு அது இரும்பு, செயினைத் தின்றுவிடும். பச்சையில் துண்டு போட்டு, தடித்ததைப் பிளந்து, காற்று போகிற மாதிரி அடுக்கிவிட்டால் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கோடையிலேயே நன்றாகக் காய்ந்துவிடும். மண் ஒட்டிய அடிக்கட்டையை அறுக்கும் முன் துடைப்பத்தால் நன்றாகத் தட்டுங்கள். வேலியில் இருந்த மரம் என்றால் பழைய முள்கம்பியோ ஆணியோ மரத்துக்குள் புதைந்திருக்கும், வெட்டிய முகத்தில் மரம் நீலம் கலந்த கறுப்பாகத் தெரிகிற இடத்தை விட்டுவிட்டு அறுங்கள்.

மிச்சப் பணத்துக்கு உபரிச் செயின் ஒன்று, உருண்டை அரம், செயின் ஆயில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கேன்வாஸ் பேன்ட், மூடிய ஷூ. பணம் இடித்தால் உபரிச் செயினை அடுத்த மாதம் வாங்குங்கள், கண்ணாடியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வேலிகாத்தான் முள் கண்ணில் பட்டால் சாதாரணக் காயம் இல்லை. லுங்கியோடு ஓட்டவே கூடாது, அந்தச் செயினுக்குத் துணி நுனி போதும்.

வாங்கும் இடமும் முக்கியம். வேலூரிலோ குடியாத்தத்திலோ ஸ்ப்ரேயர், புல்வெட்டி ரிப்பேர் பார்க்கிற கடைக்காரரிடம் "இந்த மிஷினுக்குச் செயின், கார்பன் பிரஷ் கிடைக்குமா" என்று முதலில் கேளுங்கள். அவர் கிடைக்கும் என்று சொல்கிற மிஷினை வாங்குங்கள், ஆன்லைனைவிட ஐந்நூறு கூட ஆனாலும் பரவாயில்லை.

கேள்வி: நாலு இன்ச் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுகிற செயின் சா அட்டாச்மென்ட் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கிரைண்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதை வாங்கலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: வேண்டாம். நாலு இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று ஓடுகிறது, செயினுக்கு ஏற்ற வேகம் அதுவல்ல. பிரேக் கிடையாது, பின்பக்கக் கைப்பிடி கிடையாது, செயினுக்குத் தானாக ஆயில் போகாது, பல கிரைண்டர்களில் ஸ்விட்சைத் தள்ளிவிட்டால் கை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல செயின் சாவில் முன்கை காப்பு முன்னால் தள்ளப்பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் செயின் நின்றுவிடும். இந்தக் கிரைண்டர் எகிறினால் நேராக முகத்துக்கோ தொடைக்கோ வரும். கிரைண்டரில் மரம் அறுக்கிற பல் பிளேடு மாட்டுகிறார்களே, அதுவும் இதே கதைதான். பணமே இல்லையென்றால் முந்நூறு, நானூறு ரூபாய்க்கு 24 இன்ச் வில் ரம்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பிளேடு போட்டால் ஒரு வீட்டு வெந்நீர் அடுப்புக்கு வேண்டிய சுள்ளியையும் கை தடிமன் கிளைகளையும் அரை மணியில் அறுத்துத் தரும், நிஜமாகவே நல்ல கருவி அது.

கேள்வி: சமையல் வேலைக்காகப் பெட்ரோல் மிஷின் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. முதலில் வெண்ணெய் மாதிரி இறங்கியது, இப்போது அழுத்தினால்தான் அறுக்கிறது, புகை வருகிறது, வளைந்தும் போகிறது. என்ஜின் போய்விட்டதா? கடைக்காரர் வேறு மிஷின் வாங்கச் சொல்கிறார். (ஆம்பூர் அருகிலிருந்து, பிரியாணி மாஸ்டர்)

பதில்: என்ஜின் நன்றாகத்தான் இருக்கும். அடியில் விழுகிற தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூரான செயின் என்றால் அவல் மாதிரி சில்லு சில்லாக விழும். மாவாக விழுந்தால் செயின் மழுங்கியிருக்கிறது. ஒரே பக்கமாக வளைந்து போகிறது என்றால் ஒரு பக்கப் பல் கூராகவும் மறுபக்கம் மழுங்கியும் இருக்கிறது, ஒருவேளை எங்கோ கல்லில் பட்டிருக்கும்.

உருண்டை அரம் வாங்குங்கள். 0.325 பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) செயினுக்கு 4.8 மில்லி அரம், சின்ன 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லி. உங்கள் பிட்ச் எது என்பது பாரில் மிஷினை ஒட்டிய பக்கத்தில் குத்தியிருக்கும், அங்கேயே கேஜும் (பார் காடியின் அகலம்), காடிக்குள் ஓடும் பல்லின் எண்ணிக்கையும் இருக்கும். புதுச் செயின் வாங்கப் போகும்போது இந்த மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், இன்ச் கணக்கு மட்டும் சொன்னால் பொருந்தாத செயினைத்தான் வாங்கி வருவீர்கள். பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டு, பாரை வைஸில் இறுக்குங்கள். பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, 30 டிகிரி சாய்வில், முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள், இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் அதே மூன்று. ஒரு பக்கம் முடித்த பிறகு அடுத்த பக்கம். நாலைந்து தடவை தீட்டிய பிறகு, ஒவ்வொரு வெட்டுப்பல்லுக்கும் முன்னால் நிற்கும் குட்டி மேட்டையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். வெட்டுப்பல்லைவிட அது 0.65 மில்லி தாழ்வாக இருந்தால் சரி. ரொம்ப இறக்கிவிட்டால் மிஷின் மரத்தைக் கடித்து எகிறும், அதனால் இதற்கென்று இருக்கும் அளவுத் தகட்டை (டெப்த் கேஜ்) வைத்துப் பார்த்தே இறக்குங்கள். ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் ஒரு தடவை இரண்டு தள்ளு தள்ளிவிட்டால் பெரிய தீட்டலே வராது.

புகை வருகிறது என்கிறீர்களே, அது பாரிலிருந்து வந்தால் ஆயிலையும் பாருங்கள். ஒரு காய்ந்த அட்டையை வைத்து, அதற்கு மேல் நாலு விரல் உயரத்தில் பார் நுனியைப் பிடித்து, ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். அட்டையில் மெல்லியதாக ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் பாரைக் கழற்றி ஆயில் ஓட்டையையும் நடுக் காடியையும் ஊசியால் சுத்தம் செய்யுங்கள், அடைத்திருப்பது மரத்தூள்தான். பைக்கில் வடித்த பழைய ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் இரும்புப் பொடி பம்பையும் பாரையும் தின்னும், கையிலும் தெறிக்கும். செயின் ஆயில் அன்றைக்குக் கிடைக்கவில்லையென்றால் புது 20டபிள்யூ40 என்ஜின் ஆயில் போதும்.

பெட்ரோல் கலவை பற்றியும் ஒரு வார்த்தை. 25க்கு 1 என்று புத்தகத்தில் இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில், 50க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணால் ஊற்றாமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றுங்கள். மாதக் கணக்கில் எடுக்க மாட்டீர்கள் என்றால் டேங்க்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள். செயினை லேசாகத் தளர்த்தி வைப்பதும் நல்லது, சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும்.

கேள்வி: அறுத்துக்கொண்டிருக்கும்போது பார் மரத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. இழுத்தால் வரமாட்டேன் என்கிறது. (காட்பாடி வாசகி)

பதில்: முதலில் மிஷினை அணையுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்டி இழுக்கவே கூடாது. இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் தொங்கும் கட்டை, மேலிருந்து அறுக்கும்போது உள்பக்கமாக மடங்கி பாரைக் கவ்வும். அதனால் மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேல்நோக்கி அறுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாங்கி மறுபக்கம் தொங்கினால் தலைகீழ்: கீழே மூன்றில் ஒரு பங்கு முதலில், பிறகு மேலிருந்து. கீழிருந்து அறுக்கும்போது மிஷின் உங்களை நோக்கித் தள்ளும், கால்களை அகற்றி உறுதியாக நில்லுங்கள். வெட்டு வாயில் மர ஆப்பு ஒன்று அடித்தால் மூடாது, இரும்பு ஆப்பு மட்டும் வேண்டாம். எக்ஸ் வடிவத்தில் இரண்டு ஜோடிக் கட்டைகளை ஆணி அடித்துத் தாங்கி ஒன்று செய்துகொண்டால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும், இடுப்பும் வலிக்காது.

கேள்வி: சொந்தப் பட்டா நிலத்து மரம் என்றால் எதை வேண்டுமானாலும் அறுக்கலாமா? (ஒடுகத்தூர் வாசகர்)

பதில்: கூடாது. தானாக முளைத்த சந்தனமரமாக இருந்தாலும், அது உங்கள் வேலிக்குள் இருந்தாலும், வனத்துறையைக் கேட்காமல் கிளையைக்கூடத் தொடாதீர்கள். பனைமரம் வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021ல் வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. ஏரிக்கரை, புறம்போக்கு மரங்களுக்கும் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், அது வேலிகாத்தானாகவே இருந்தாலும் சரி. ஜவ்வாது மலை மேல் நிலம் இருந்தால், பட்டாவாக இருந்தாலும், மிஷினை எடுப்பதற்கு முன் ரேஞ்சர் ஆபீஸில் கேட்டுவிடுங்கள். காட்டோரமாகச் செயின் சா சத்தம் கேட்டாலே விசாரிக்க வருவார்கள், கையில் அனுமதிக் கடிதம் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.