உடற்பயிற்சியும் உடம்பும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: மேடம், முதன்முறையாக ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் படி இறங்கவே முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டதா?

பதில்: இல்லைங்க, பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள். பயிற்சியின்போது உருவாகும் லாக்டேட் (நீங்கள் சொல்லும் லாக்டிக் அமிலம் உடம்பில் இந்த வடிவில்தான் இருக்கும்) ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து குறைந்துவிடும். இதயமே அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும்.

ஸ்குவாட்டில் மெல்லக் கீழே போகும்போது தொடையில் கை வைத்துப் பாருங்கள். முன்தொடைத் தசை நீண்டுகொண்டே போகும். அதே நேரம் நீங்கள் தொப்பென்று விழாதபடி இறுக்கியும் பிடிக்கும். இப்படி நீண்டுகொண்டே பாரம் தாங்குவது பழக்கமில்லாத தசைக்குப் பெரிய வேலை. இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். அதைச் சரிசெய்யும் வேலை நடக்கும்போது வருவதுதான் இந்த வலி. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். படி இறங்கும்போதும் அந்தத் தசை அதே வேலையைத்தான் செய்கிறது, அதனால்தான் அப்போது உயிர் போகிறது!

பயப்படாமல் மெதுவாக நடமாடுங்கள். அடுத்த வாரம் அதே பயிற்சியைச் செய்தால் இவ்வளவு வலிக்காது. ஆனால் சிறுநீர் கருப்புக் காபி நிறத்தில் போனாலோ, தசை வீங்கிக் கடுமையாக வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதில் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரத்தில் தூக்கும் எடை கூடிவிட்டது, கை மட்டும் பருக்கவே இல்லையே?

பதில்: முதலில் தேர்ச்சி பெறுவது நரம்புதான். இருக்கிற இழைகளையே அதிக எண்ணிக்கையில், ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிடக் கற்றுக்கொள்கிறது. தசை கண்ணுக்குத் தெரியும்படி பருக்கப் பல வாரங்கள் ஆகும். இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் மனம் தளர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஓடி முடித்துச் சட்டென்று நின்றால் தலை சுற்றுகிறது.

பதில்: ஓடும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நின்றதும் அந்தப் பம்ப் நின்றுபோகிறது. விரிந்த ரத்தக்குழாய்களில், காலிலேயே ரத்தம் தங்கிவிடுகிறது. ஐந்து நிமிடம் நடந்து, அப்புறம் நில்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றினால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆறு மாதமாக ஓடுகிறேன். ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு 76லிருந்து 64க்கு வந்துவிட்டது. இதயம் பலவீனமாகிவிட்டதா?

பதில்: நேர்மாறு! ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் உடம்புக்குத் தேவை. உங்கள் இதயம் இப்போது ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக ரத்தத்தை வெளியேற்றுகிறது. அதே 5 லிட்டருக்கு 64 துடிப்பே போதும். சந்தோஷமாக ஓடுங்கள்.