நான்கு நற்செய்திகளை எழுதியது யார்?

நற்செய்தி என்பது இயேசுவின் வாழ்வையும் போதனையையும் மரணத்தையும் உயிர்ப்பையும் சொல்லும் நூல். சுவிசேஷம் என்றும் சொல்வார்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என நான்கு உண்டு. இவற்றை எழுதியவர் யாரும் நூலுக்குள் தன் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பெயர்கள் சபை மரபிலிருந்து வந்தவை. பழைய புகைப்படத்தின் பின்புறம் அடுத்த தலைமுறை பெயர் எழுதி வைப்பதுபோல. அந்தப் பெயர் சரியாகவும் இருக்கலாம், ஆனால் எழுதியது படத்தில் இருப்பவர் அல்ல.

சரி, அறிஞர்கள் இந்தப் பெயர்களை ஏற்க ஏன் தயங்குகிறார்கள்? நான்குமே கிரேக்கத்தில், சுமார் கி.பி. 65 முதல் 100 வரையிலான ஆண்டுகளில் எழுதப்பட்டவை. இயேசுவும் சீடர்களும் பேசியதோ அரமேயம். தவிர, மத்தேயுவும் லூக்காவும் பல இடங்களில் மாற்கின் வாக்கியங்களை அப்படியே எடுத்தாள்கிறார்கள். நேரில் பார்த்த சீடர் மத்தேயு, சீடரல்லாத மாற்கைப் பார்த்து எழுதுவாரா? எனக்கு இதுதான் வலுவான கேள்வி. லூக்காவோ, கண்ணால் கண்டவர்கள் சொன்னதை விசாரித்து எழுதுவதாக முதல் வரிகளிலேயே சொல்லிவிடுகிறார்.

கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் (பிஷப்புகளின்) சங்கம்தான் இந்த நான்கையும் தேர்ந்தெடுத்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சுமார் 180இலேயே லியோன் ஆயர் இரனேயு நான்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்.