பம்பர், பீடிங், கிரில்: பழைய கார் பளபளப்புக்கு அண்ணாச்சியின் பதில்கள்

வள்ளியூர்: அண்ணாச்சி, அப்பா வச்சிருந்த பத்மினி கார் ஷெட்ல நிக்கி. பீடிங் (பாடியில ஓடுற மினுக்கப் பட்டை), கைப்பிடி எல்லாம் மங்கிப்போச்சு. எதை வச்சுத் தேய்க்கலாம்?

தேய்க்கது அப்புறம். அது என்ன உலோகம்னு முதல்ல பாருங்க. காந்தம் ஒட்டுச்சுன்னா பெரும்பாலும் இரும்பு மேல குரோம். ஆனா எவர்சில்வர்லயும் ஒட்டுற ரகம் உண்டு. அதனால கழற்றிப் பின்பக்கம் பாருங்க: துரு இருந்தா இரும்பு, பின்னாலயும் வெள்ளையா சுத்தமா இருந்தா எவர்சில்வர். காந்தம் ஒட்டலை, தூக்கினா கனமே இல்லைன்னா அலுமினியம். ஒட்டலை, ஆனா கனக்குதுன்னா துத்தநாக வார்ப்பா இருக்கலாம், பட்டறையில மசாக்னு சொல்லுவாக. கைப்பிடி, சின்னம் எல்லாம் பெரும்பாலும் அதுதான். ஒண்ணுக்குச் செய்ற வைத்தியம் இன்னொண்ணைக் கெடுத்துப்போடும்.

உவரி: அம்பாசிடர் பம்பர்ல சிவப்பா பொடிப்பொடியா புள்ளி. வீடு கடலை ஒட்டி. தேய்ச்சா போவுமா?

போவும், ஆழத்தைப் பொறுத்து. குரோம் படலம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கூட இருக்காது. இரும்பைக் காப்பாத்துறது அதுக்கு அடியில இருக்க நிக்கல்தான். நிக்கல்ல நுணுக்கமா ஓட்டை விழுந்த இடத்துல உப்புக்காத்து ஈரம் இறங்கி, இரும்பு துருப்பிடிச்சு மேல வருது.

சாப்பாடு பொதியுற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சு மெதுவா தேயுங்க. அலுமினியம் குரோமை விட மென்மை, கீறாது. கொஞ்ச நேரத்துல சாம்பல் நிறத்துல சேறு மாதிரி வரும். துடைச்சுட்டு நகத்தால தடவிப் பாருங்க. வழுவழுன்னு ஓடினா தப்பிச்சுது, கார் மெழுகு (வாக்ஸ்) போட்டு வச்சுக்கிடுங்க. நகம் குழியில மாட்டினா துரு போனாலும் குழி போவாது.

பம்பரோட உள்பக்கத்தை யாரும் பாக்கதே இல்லை, துரு தொடங்குறதே அங்கதான். கழற்றிச் சுரண்டி பிரைமர், பெயிண்ட் அடிங்க. ஈரத்தோட கவர் போட்டு மூடாதீங்க.

பேட்டை: குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு விளக்கலாமான்னு வீட்ல கேக்காவ.

விளக்கு பித்தளை, அதுக்குப் புளி சரி. பம்பர்ல பிளேட்டிங் (முலாம்) உரிஞ்ச இடத்துல புளிப்பு இறங்கினா இரும்பைத் தின்னும். வேண்டாம்.

தச்சநல்லூர்: ரெண்டு நாள்ல குரோம் போட்டுத் தாரேன்னு ஒருத்தர் சொல்லுதாரு. குடுக்கலாமா?

அடியில என்ன போடுவீயன்னு கேளுங்க. முறை இதுதான்: பழைய பிளேட்டிங்கை எடுக்கணும், டிங்கர் வேலை பார்த்து நெளிவெடுக்கணும், குழியை அரைக்கணும், செம்பு ஏத்தி பஃப் பண்ணணும் (துணிச் சக்கரத்துல மெருகேத்தணும்), பிறகு நிக்கல், கடைசியா குரோம். மினுக்கம் வருதது பஃபிங்லயும் நிக்கல்லயும்தான். குரோம் எந்தக் குழியையும் மறைக்காது, இன்னும் எடுத்துக் காட்டும். வெளியில வெயில் மழையில ஓடுற பம்பருக்கு நிக்கல் 20, 30 மைக்ரானாவது வேணும். அதைக் கேட்டு முழிச்சாருன்னா வேற ஆளைப் பாருங்க.

வீட்ல தொட்டி வச்சு நீங்களே போடலாம்னு வீடியோ பாத்து இறங்காதீங்க. குரோம் தொட்டியில இருக்க ஆறிணைதிறன் குரோமியம் (ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்) புற்றுநோய் உண்டாக்குற நஞ்சு. அந்தக் கழிவு வாய்க்கால் வழியா தாமிரபரணிக்குத்தான் போவும்.

அம்பாசமுத்திரம்: எவர்சில்வர் பீடிங்ல ரெண்டு மூணு இடத்துல சொட்டை. நிமிர்த்த முடியுமா?

இந்த வேலையில எனக்குப் பிடிச்சதே இதுதான். கிளிப்போட கிடக்கதை ஸ்குரூ டிரைவரால நெம்பாதீங்க, பெயிண்டும் போவும், பட்டையும் மடியும். அகலமான பிளாஸ்டிக் தகடு விட்டு, ஒவ்வொரு கிளிப்பா விடுவிங்க.

கவிழ்த்து மரக்கட்டை மேல வச்சு, பின்பக்கத்துல இருந்து சின்னச் சுத்தியலால விளிம்பிலிருந்து நடுவுக்குத் தட்டுங்க. ஓங்கி அடிச்சா தகடு விரிஞ்சுரும், விரிஞ்சது திரும்பாது. முன்பக்கம் மார்க்கர் பூசி, மேலோட்டமா உப்புத்தாள் ஓட்டுங்க. மை போன இடம் மேடு, மை நிக்கிற இடம் பள்ளம். பள்ளத்தை மட்டும் திரும்பத் தட்டணும். சமமானதும் 400, 600, 1000, 1500 நம்பர் வாட்டர் பேப்பரை நீளவாக்குல ஓட்டி, பஃபிங் சக்கரத்துக்குக் கொண்டுபோங்க. பட்டையை ஒரு ரீப்பர் கட்டையில இறுக்கிக் கட்டிட்டுத்தான் சக்கரத்துல காட்டணும். விளிம்பைச் சக்கரம் கவ்வுச்சுன்னா பட்டை சுருண்டு மூஞ்சிக்கு வரும்.

தென்காசி: அலுமினிய கிரில் வெளுத்துக் கிடக்கு. பாலீஷ் போட்டுப் போட்டுப் பாத்தாச்சு, ஏறலை.

மேல ஆனோடைஸ் படலம் (மின்சாரம் வச்சு அலுமினியத்து மேல உண்டாக்குற காப்புப் படலம்) இருக்கும், பாலீஷ் அதைத் தாண்டாது. காஸ்டிக் சோடா கரைசல்ல கொஞ்ச நேரம் விட்டா படலம் கரையும். தண்ணியில சோடாவைப் போடணும், சோடாவுல தண்ணி ஊத்தக் கூடாது. கையுறை, கண்ணாடி, திறந்த வெளி. ஹைட்ரஜன் வாயு வரும், பீடி பத்தவச்சவங்க பக்கத்துல வேண்டாம். பக்கத்துலயே நின்னு பாருங்க, விட்டா அலுமினியத்தையே தின்னுரும். மசாக் சாமானை இதுல போட்டா அதுவும் அரிச்சுப் போவும். பாலீஷ் ஆனதும் திரும்ப ஆனோடைஸ் பண்ணுங்க, இல்லைன்னா அடிக்கடி மெழுகுதான்.

ராதாபுரம்: கழுவுனப்புறம் குரோம் மேல வெள்ளைத் திட்டு.

போர் தண்ணி உப்பு. வெயில்ல காயவிடாம உடனே துணியால ஒத்துங்க. ஏற்கனவே படிஞ்சதுக்கு, பிளேட்டிங் உரியாத இடமா இருந்தா மட்டும், நீர் கலந்த வினிகரைத் துணியில தொட்டுத் துடைச்சு, உடனே நல்ல தண்ணியில அலசுங்க.

பாளையங்கோட்டை: இவ்வளவு பாடு எதுக்கு? அம்பாசிடருக்குப் புது பம்பரே வாங்கிட்டா என்ன?

2014-லயே வண்டி உற்பத்தி நின்னுபோச்சு, இப்ப கடையில வருததுல தகடு மெலிசா வருததும் உண்டு. கையில பிடிச்சு எடையைப் பாருங்க, வண்டியில பொருத்திப் பாருங்க. பொருந்துற வரைக்கும் பழசை ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடைக்கு) போட்டுராதீங்க.