சபைக் கன்வென்ஷனை மாமல்லபுரம் ரிசார்ட்டில் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் சபையின் குடும்ப ஐக்கியக் கன்வென்ஷனை இந்த முறை மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில், வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை நடத்தலாம் என்று இருக்கிறோம். எப்படித் திட்டமிடுவது?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, கமிட்டியில் எல்லாரும் "பீச், பீச்" என்று கை தூக்கிவிட்டு வேலையை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. தாம்பரம் பக்கம் ஒரு சபையில் பெண்கள் ஐக்கியச் செயலாளராக இருந்தபோது, அறை பிரிப்பதிலிருந்து திருவிருந்துப் பாத்திரங்களைத் துணியில் சுற்றி காரில் ஏற்றுவது வரை நான்தான் பார்த்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன். அங்கே அறை கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. தேதியும் ஹாலும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

அதற்கு முன்னால் ஒன்று. "வெளிநாட்டுப் பணம், ரிசார்ட்டில் கொண்டாட்டம்" என்று எழுத யாராவது வருவீர்கள், எனக்குத் தெரியும். எங்களுக்கு வந்தது பதிவுக் கட்டணமும் சபையார் கொடுத்த நன்கொடையும்தான், அதையும் வசூலிக்க நான் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினேன். நம் ஆட்களிலேயே "உபவாசம் இருந்து ஜெபிக்க வேண்டியவர்களுக்கு நீச்சல் குளம் எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. பஃபே வரிசையில் முதலில் தட்டோடு நிற்பதும் அவர்கள்தான்.

சரி, தேதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலம். 2022-இல் மாண்டஸ் புயல் டிசம்பர் 9 இரவு கரையைக் கடந்ததே மாமல்லபுரம் பக்கம்தான். டிசம்பரில் பாடகர் குழுவும் கேரல் ரவுண்ட்ஸ் என்று அலையும், யாரும் வரமாட்டார்கள். பொங்கல் விடுமுறையில், அதுவும் காணும் பொங்கலன்று, ஊருக்குள் வண்டியே நகராது. தை மாதம் வானிலை அருமையாக இருக்கும், ஆனால் முகூர்த்த மாதம், புல்வெளி எல்லாம் கல்யாணக்காரர்களுக்குப் போய்விடும். மாசி மகத்துக்கு இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரையில் தங்குவார்கள். அது அவர்களுடைய நாள், அன்றைக்கு நாம் போய் இடிக்கக் கூடாது. அப்புறம் லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள். மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆனால் வெயில், கூடவே விடுமுறை வேதாகமப் பள்ளி. என்னைக் கேட்டால் ஜூலைதான். ரிசார்ட்காரர்கள் அப்போது கொஞ்சம் இறங்கிப் பேசுவார்கள்.

ஞாயிறு மதியம் வரை என்று போட்டிருக்கிறீர்களே, பொருளாளரிடம் கேட்டீர்களா? எங்கள் பொருளாளர், "பாதி சபை அங்கே போனால் அந்த வாரக் காணிக்கை என்ன ஆகும்" என்று முதல் கூட்டத்திலேயே ஆரம்பித்துவிட்டார். சபையில் கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை என்பது இரண்டாவது சண்டை. போதகர் ஐயாவும் உங்களோடு வருகிறார் என்றால் ஊரில் ஆராதனை நடத்த யார் என்பதை இப்போதே முடிவு பண்ணிவிடுங்கள்.

விலை பேசும்போது "வரி தனி" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22-க்கு முன்பு 12), அதைத் தாண்டினால் 18. கடல் தெரியும் அறை வேண்டும் என்று ஒரு பெரியவர் அடம் பிடிப்பார், அந்த அறை இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். முட்டி வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளம் ஒதுக்கியபின் மிச்சத்தைப் பிரியுங்கள். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்களிடம் எழும்பூர் வரை வர வேண்டாம், செங்கல்பட்டில் இறங்கச் சொல்லுங்கள், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு வேன் போட்டால் போதும்.

இப்போது ஹால். இதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். முன்பணம் கட்டுவதற்கு முன், "எங்கள் கூட்டம் நடக்கும் நேரத்தில் பக்கத்துப் புல்வெளியில் வேறு நிகழ்ச்சி கிடையாது" என்று ஒரு வரியை மெயிலில் எழுதி வாங்கினேன். கமிட்டி அண்ணன்மார் எல்லாரும் சிரித்தார்கள். "அக்கா, இதென்ன கோர்ட் கேஸா?" என்றார் ஒருவர். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்க்கிறேன், புல்வெளியில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி அடுக்குகிறார்கள். ஒரு கல்யாண வீட்டின் சங்கீத்! டிஜே சோதித்துப் பார்க்கப் போட்ட முதல் பாட்டுக்கே எங்கள் ஹாலின் மடிப்புக் கதவு கடகடவென்று ஆடியது, மேடையில் இருந்த தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. அன்றைக்கு ராத்திரிச் செய்தியின், அதாவது பிரசங்கத்தின், தலைப்பு தேவ சமாதானம்.

அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். மேலாளர் முன்னால் வைத்ததும் அவர் முகம் மாறியது. கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல முடியுமா? நானும் கேட்கவில்லை. ஹால் வாடகையைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன், பெண்ணின் அப்பாவை அழைத்துவரச் சொன்னேன். அவர் தங்கமான மனுஷன். "நாங்க எட்டரைக்கு ஆரம்பிச்சுக்கிறோம்மா, எப்படியும் பத்து மணிக்கு நிறுத்தித்தான் ஆகணும்" என்றார். நாங்கள் செய்தியை ஆறரைக்கு இழுத்து, எட்டே காலுக்குச் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டோம். எங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டு ஐஸ்கிரீம் வேறு வந்தது. அந்த பத்து மணி விஷயம் உங்களுக்கும் பொருந்தும்: வெளியே ஒலிபெருக்கி வைத்தால் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது, துதி ஆராதனை என்றாலும் அதே சட்டம்தான்.

நிகழ்ச்சி நிரலில் காலை ஆறு முதல் இரவு பத்து வரை நிரப்பாதீர்கள். கடற்கரைக்குக் கூட்டிப்போய்விட்டு ஏசி ஹாலில் அடைத்தால் வாலிபர்கள் பின்வாசல் வழியாக நழுவத்தான் செய்வார்கள். மாலை நான்கு முதல் ஆறு வரை விட்டுவிடுங்கள். ஆனால் குளிக்க விடாதீர்கள், கால் நனைத்தால் போதும்; அங்கே நீரோட்டம் இழுக்கும். சிற்பங்களைப் பார்க்கக் கூட்டிப்போவதா என்று எங்கள் கமிட்டியில் ஒரு வாக்குவாதமே நடந்தது, "கோயிலுக்கா?" என்று. 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த இடம், பல்லவர் காலத்துக் கல், பார்த்தால் விசுவாசம் கரைந்துவிடாது. அர்ஜுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும், காலடியில் எலிகள். பிள்ளைகள் அதை விட்டு நகரவே இல்லை. போக வேண்டாம் என்று சொன்ன அதே பெரியவர் மறுநாள் காலைத் தியானத்தில் வேதத்தில் வரும் வெளிவேஷக்காரப் பரிசேயருக்கு அந்தப் பூனையைத்தான் உதாரணம் காட்டினார்.

இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நிறைவு நாளில் நன்றி சொல்லும்போது மைக் செட்காரர் வரைக்கும் பொன்னாடை. பதிவு மேஜையில் ராத்திரி பகலாக உட்கார்ந்த பெண்களுக்கு, "தேநீர் ஏற்பாடு செய்த சகோதரிகளுக்கும் நன்றி" என்று ஒரு வரி. தேநீர் ரிசார்ட்காரன் கொடுத்தது! அந்த மெயிலைப் பற்றி மூச்சே இல்லை, "கர்த்தர் வழிநடத்தினார்" என்று முடித்துவிட்டார்கள். வழிநடத்தினார்தான், நான் மறுக்கவில்லை, அதற்காக பிரிண்ட் எடுத்தவளை மறக்க வேண்டுமா? சபைக் கமிட்டிகளில் இது இன்றைக்கு நேற்றைக்கு நடப்பதல்ல. இதற்கு "பெருமை பேசாதே சகோதரி" என்று யாரும் வசனம் எழுத வேண்டாம்.

கேள்வி கேட்டவருக்கு: முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்த ரிசார்ட்டுக்குப் போய் ஹாலில் கதவை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் காட்டினால் எல்லா ஹாலும் அமைதியாகத்தான் இருக்கும்.