வாரம் ஒரு ஷிப்ட்: வழக்கத்தை எதில் கட்டுவது?

கேள்வி: எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். காலை 5 மணிக்கு உடற்பயிற்சி, பிறகு அரை மணிநேரம் படிப்பு என்று அட்டவணை போடுகிறேன். நைட் ஷிப்ட் வந்ததும் நின்றுவிடுகிறது. ‘21 நாளில் பழக்கம்’ என்ற கட்டணப் பயிற்சியில் சேரலாமா?

பதில்: வேண்டாம். அந்த 21 எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல்லை வெட்டிவிட்டு மீதியைத்தான் விற்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறு கணக்குச் சொல்கிறது: ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை (12 வாரத்தைத் தாண்டியவை கணக்கிட்ட மதிப்பீடு). 22ஆம் நாள் பழக்கம் ஒட்டவில்லை என்றால் உங்கள் மன உறுதியில்தான் குறை என்பார்கள் பயிற்சி நடத்துபவர்கள். அடுத்த வகுப்புக்கும் கட்டணம் கேட்பார்கள். ஒரு நாள் விட்டாலே எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்கும் செயலிகளும் இதே வலைதான். ஒரு நாள் விடுபட்டது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது.

உங்கள் அட்டவணையில் கோளாறு அந்த ‘5 மணி’. கடிகாரத்தை விட்டுவிட்டு, எந்த ஷிப்டிலும் தவறாமல் நடக்கும் ஒரு செயலில் வழக்கத்தைக் கட்டுங்கள். தூங்கி எழுந்து பல் துலக்கி, பிரஷ்ஷைத் திரும்ப வைத்ததும் உடற்பயிற்சி. மணி காலை 5 ஆனாலும் பிற்பகல் 3 ஆனாலும் சரி. ‘எழுந்த பிறகு’ என்று மொத்தமாக எழுதாதீர்கள்; அந்தப் ‘பிறகு’ இரண்டு மணிநேரம் நீண்டுவிடும். கை எதை வைத்ததும் தொடங்க வேண்டும் என்பது வரை எழுதுங்கள்.

அளவு மூன்று: 30 நிமிடம், 10 நிமிடம், 2 நிமிடம். எந்த ஷிப்டுக்கு எது என்று வாரத் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் தீர்மானிக்கலாம் என்று விட்டால் அலுப்புதான் தீர்மானிக்கும். நைட் ஷிப்ட் வாரத்தில் 2 நிமிடம் போதும்; உற்சாகத்தில் அதை நீட்டாதீர்கள், மறுநாள் அதுவே பாரமாகும். அடுத்தடுத்து இரண்டு நாள் மட்டும் விடாதீர்கள். படிப்பை இப்போது சேர்க்க வேண்டாம். உடற்பயிற்சி மூன்று ஷிப்டையும் ஒரு சுற்று தாண்டட்டும்.

இந்த நெகிழ்வு மருந்துக்குக் கிடையாது. வலிப்பு மாத்திரை, இன்சுலின் போன்றவற்றை ‘பல் துலக்கியதும்’ என்று கட்டினால், ஷிப்ட் மாறும் நாளில் இரண்டு வேளைக்கு நடுவே பல மணிநேரம் கூடும் அல்லது குறையும். இரண்டுமே ஆபத்து. மருந்துக்குக் கடிகாரமும் அலாரமும்தான். ஷிப்ட் மாறும்போது வேளையை எப்படி நகர்த்துவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு வேளை தவறினால் நீங்களாக இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. ஒரு நாள் விட்டால் பாதகமில்லை என்று மேலே சொன்னது இதற்குச் செல்லாது.

இத்தனைக்கும் பாதித் தொல்லை ஷிப்ட் பட்டியல் போடும் விதத்தில் இருக்கிறது. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழற்றினால் உடல் எளிதாகப் பழகும், ஏனென்றால் பெரும்பாலோரின் உடல் கடிகாரம் 24 மணிநேரத்தைவிடச் சற்று நீளம். ஆனாலும் பல இடங்களில் பின்னோக்கிச் சுழற்றுகிறார்கள். பட்டியலையும் முந்தின நாள் மாலைதான் ஒட்டுகிறார்கள். இதைச் சரிசெய்ய ஒரு காசு செலவில்லை. முன்னோக்கிய சுழற்சி, இரண்டு வாரம் முன்பே பட்டியல் என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். உடன் வேலை செய்பவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.