கிளாரினெட் ஏன் கீச்சிடுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 46 வயதில் ஒரு பழைய கிளாரினெட் கைக்கு வந்தது. மூன்று வாரமாகத் தினமும் ஊதுகிறேன். பத்து தடவை ஊதினால் ஏழு தடவை கீச்சென்று கத்துகிறது. வீட்டில் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இந்த வயதில் உதடு படியாதா?

படியும். நான் தொடங்கியபோது எனக்கு 31 வயது. உதட்டுத் தசைக்கு வயது ஒரு பொருட்டே இல்லை, பழக்கம்தான் வேண்டும். ஆனால் மூன்று வாரமாக முழுக் கருவியையும் கையில் வைத்துக்கொண்டு போராடுகிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஒன்று செய்யுங்கள். கருவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, மவுத்பீஸையும் அதற்குக் கீழே மாட்டும் பேரலையும் மட்டும் வெளியே எடுங்கள். ஒரு வாரத்துக்கு உங்கள் கிளாரினெட் அவ்வளவுதான்.

எடுத்ததும் ரீடைப் பாருங்கள். நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, கிளாரினெட்டுக்கு ரீடு அப்படி. ஆனால் இரட்டை இல்லை, ஒற்றை நாணல் பட்டை. அதன் நுனி காகிதம்போல மெலிந்திருக்கும். ஓர் ஓரத்தில் மயிரளவு விரிசல் இருந்தாலும் போதும், கீச்சிடும். நுனி நெளிந்திருந்தால் ஒரு நிமிடம் வாயில் வைத்து ஊறவிடுங்கள், சமமாகிவிடும். மாட்டும்போது, ரீடைப் பிடித்து நிறுத்தும் வளையமான லிகேச்சரை முதலில் மவுத்பீஸில் போட்டுவிட்டு, அப்புறம் ரீடை அதற்குள் மேலிருந்து இறக்குங்கள். மாற்றிச் செய்தால் லிகேச்சர் நுனியில் இடித்து உடைத்துவிடும். நேராகப் பார்க்கும்போது ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கருப்பு ஒரு தலைமயிர் அகலத்துக்குத் தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால் ரீடு இறங்கியிருக்கிறது, தெரியவே இல்லை என்றால் ஏறியிருக்கிறது. இந்த ஒரு மயிரிழையைச் சரிசெய்துவிட்டு, அதுவரை தொண்டை கட்டினதுபோல் இருந்த ஒலி சட்டென்று திறந்துகொண்டதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

அடுத்தது, எவ்வளவு வாய்க்குள் போக வேண்டும் என்பது. ஒரு மெல்லிய காகிதத் துண்டை ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே மேலிருந்து நுழைத்து இறக்குங்கள். ஓர் இடத்தில் நிற்கும். அங்கேதான் ரீடு மவுத்பீஸை விட்டுப் பிரிகிறது. உங்கள் கீழுதடு படவேண்டிய இடமும் அதுவே. அதைத் தாண்டி உள்ளே போனால் கீச்சிடும். நுனியிலேயே நின்றால் மூக்கடைத்த மாதிரி மெலிந்த ஒலிதான் வரும். மேல்பற்கள் மவுத்பீஸின் மேல் உறுதியாக உட்காரட்டும். கீழுதட்டைக் கொஞ்சம் மட்டும் கீழ்ப்பற்களின்மேல் மடியுங்கள். உதட்டின் இரு ஓரங்களும் உள்நோக்கி இறுகட்டும், முகவாய் கீழே இழுபட்டுத் தட்டையாக இருக்கட்டும், கன்னம் ஊதவே கூடாது. கீழ்த்தாடையால் கடிக்காதீர்கள். புதிதாகத் தொடங்குபவர் எல்லோரும் கடிக்கிறோம், ஏனென்றால் கடித்தால் பிடி கிடைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் கடிபட்ட ரீடு அதிர முடியாது.

இப்போது ஊதுங்கள். உங்களிடம் இருப்பது சாதாரண பி ஃபிளாட் கிளாரினெட் என்றால், மவுத்பீஸும் பேரலும் சேர்ந்து பியானோவின் எஃப் ஷார்ப்பை ஒட்டி ஒலிக்க வேண்டும். எந்த ஸ்வரம் ஒலிக்கிறது என்று காட்டும் ட்யூனர் செயலி உள்ள கைபேசியை எதிரில் வையுங்கள். ஒலி எஃப் ஷார்ப்புக்குக் கீழே தொங்கினால் உதடு தளர்ந்திருக்கிறது. மேலே ஏறினால் கடிக்கிறீர்கள். அந்த ஒரே ஒலியைப் பத்து விநாடி ஆடாமல் அசையாமல் பிடிக்க முடிந்த நாளில் மிச்சத் துண்டுகளை மாட்டுங்கள். என் ஆசிரியர் என்னை இதிலேயே பன்னிரண்டு நாள் நிறுத்தி வைத்தார். அப்போது கோபம் வந்தது. இன்றைக்கு நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் அதையே செய்கிறேன்.

முழுக் கருவிக்கு வந்த பிறகும் கீச்சிட்டால், ஊதுவதை நிறுத்தி விரல் நுனிகளைத் திருப்பிப் பாருங்கள். துளைகளின் வளையம் தோலில் பதிந்திருக்கும். முழு வட்டமாகப் பதிந்திருந்தால் துளை மூடியிருக்கிறது. பிறைபோலப் பாதி மட்டும் இருந்தால் அந்த விரலின் ஓரத்தில் காற்று கசிகிறது. பெரும்பாலும் வலக்கை மோதிர விரலாகத்தான் இருக்கும். இன்னொரு கள்ளன், பக்கவாட்டுச் சாவிகள். வலது ஆள்காட்டி விரலின் அடிப்பாகம் தெரியாமல் அவற்றை அழுத்தித் திறந்துவிடும். கீச்சென்ற ஒலியைக் கேட்டதும் பதறிக் கையை எடுத்துவிடாதீர்கள். அப்படியே உறைந்து நின்று, எந்த விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காரணம் அங்கேயேதான் இருக்கும். மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: கீழ் ஸ்வரங்கள் எல்லாம் நன்றாக வருகின்றன. ஏ, பி ஃபிளாட் வரை ஏறிவிடுகிறேன். அதற்கு அடுத்த பி என்றாலே கை நடுங்குகிறது. புல்லாங்குழலில் அதே விரல்களில் மேல் ஸ்தாயி வருகிறதே, கிளாரினெட்டில் மட்டும் ஏன் இப்படி?

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புல்லாங்குழல் இரண்டு முனையும் திறந்த குழாய்போல நடந்துகொள்கிறது. கொஞ்சம் அழுத்தி ஊதினால் ‘ச’ மேல் ‘ச’வாகத் தாவும். கிளாரினெட்டின் உள்துளையோ பெரும்பகுதி ஒரே அகலம் கொண்ட உருளை. ரீடு இருக்கும் முனை மூடிய முனைபோல வேலை செய்கிறது. ஒரு முனை மூடிய உருளையில் அடிப்படை ஒலியின் ஒற்றைப்படை மடங்கு அதிர்வுகளே வலுவாக எழும். அதனால் இரண்டு மடங்குக்குப் பதில் மூன்று மடங்குக்குத் தாவுகிறது. அதாவது ‘ச’ ஊதிக்கொண்டிருக்கும்போது இடது கட்டைவிரல் பக்கமுள்ள ரிஜிஸ்டர் சாவியைத் தொட்டால் மேல் ‘ச’ வராது, அதையும் தாண்டி மேல் ஸ்தாயி ‘ப’ வரும். எழுதிய ஸ்வரத்தில் சொன்னால் கீழ் எஃப்பின் விரல்கள் மேலே சி ஆகின்றன, கீழ் ஜி மேலே டி ஆகிறது.

இந்தத் தாவலைப் பயன்படுத்திக்கொள்ள வழி பிறந்ததால்தான் இந்தக் கருவியே பிறந்தது. ஷாலுமோ என்று ஒரு பழைய குழல் உண்டு. அதில் கீழ் ஸ்தாயிதான் சுகம். 1700-ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் என்ற கருவிக் கைவினைஞர் அதை மேம்படுத்தி மேல் ஸ்தாயியைத் திறந்துவிட்டார் என்பது வரலாறு. அந்த மேல் ஒலி அன்றைய டிரம்பெட்டை நினைவூட்டியதால் ‘சின்ன டிரம்பெட்’ என்ற பொருளில் கிளாரினெட் என்று பெயர். கீழ் ஸ்தாயிக்கு இன்றைக்கும் ஷாலுமோ என்றுதான் பெயர்.

தாவல் இவ்வளவு பெரிதாக இருப்பதால் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. அதை நிரப்பத்தான் ஜி, ஏ, பி ஃபிளாட் எல்லாம். அவற்றுக்கு விரல்கள் கிட்டத்தட்ட வேண்டியதே இல்லை. அதற்கு அடுத்த பி-க்கோ இரண்டு கை விரல்களும் ஒரே கணத்தில் இறங்கி மூட வேண்டும். உங்கள் கை நடுங்குவது இதனால்தான். பயப்பட இதில் எதுவும் இல்லை, இது விரல்களின் போக்குவரத்துச் சிக்கல். ஜி, ஏ, பி ஃபிளாட் ஊதும்போதே வலக்கை விரல்களைத் துளைகள்மேல் மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஒலி கெடாது, சொல்லப்போனால் அந்த வெளிறிய ஸ்வரங்கள் கொஞ்சம் நிறம் பெறும். பி வரும்போது இடக்கை மட்டும் வந்து சேர்ந்தால் போதும்.

இன்னொன்று. பி-யை கீழிருந்து ஏறிப் பிடிக்காதீர்கள், மேலிருந்து இறங்கி வாருங்கள். நான் இதில் மாட்டிக்கொண்டு தவித்த நாட்களில் ஒரு மாலை என் ஆசிரியர், “கீழ் சி பிடி, நீளமாக ஊது, கண்ணை மூடிக்கொள்” என்றார். ஊதினேன். பக்கத்தில் வந்து நின்றவர் சத்தமில்லாமல் கையை நீட்டி ரிஜிஸ்டர் சாவியைத் தானே அழுத்திவிட்டார். என் மூச்சு மாறவில்லை, உதடு மாறவில்லை; மேலே ஜி கணீரென்று வந்து நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். மேல் ஸ்தாயி என்றதும் நான் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன், அதுதான் அத்தனை நாள் தடுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. உங்கள் வீட்டில் யாரையாவது பக்கத்தில் நிறுத்தி இதைச் செய்து பாருங்கள். சாவி எப்போது அழுந்தும் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அந்த ஜி-யிலிருந்து எஃப், ஈ, டி, சி, பி என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள்.

கேள்வி: நண்பர் கீபோர்டில் சி வாசிக்கிறார், நானும் சி வாசிக்கிறேன். சேரவே இல்லை. என் கருவியில் கோளாறா?

கோளாறு இல்லை. உங்கள் கிளாரினெட்டில் ‘பி ஃபிளாட்’ என்று சொல்வதன் பொருளே அதுதான்: நீங்கள் சி என்று பிடிப்பது காதுக்கு பி ஃபிளாட்டாகக் கேட்கும். அவர் சி வாசித்தால் நீங்கள் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி டி வாசியுங்கள்.

கேள்வி: எண் கூடின ரீடு நல்லது என்கிறார்களே?

எண் என்பது விறைப்பு. தரம் அல்ல. 2 அல்லது 2½-இல் தொடங்குங்கள். ஊதும்போது காற்று இரைச்சல் மட்டும் வந்து ஒலி பின்தங்கினால் உங்களுக்கு அது விறைப்பு அதிகம். மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்றையே தினமும் ஊதித் தேய்த்தால், அது செத்த பிறகு புதிது எதுவும் வாய்க்குப் பொருந்தாது.

கேள்வி: மரமா, பிளாஸ்டிக்கா?

தொடங்குபவருக்கு நல்ல பிளாஸ்டிக். தயக்கமே வேண்டாம். மரக் கிளாரினெட்டைப் பொதுவாக கிரனடில்லா என்ற கருமரத்தில் செய்கிறார்கள். அதன் ஒலியை நானும் நேசிக்கிறேன். ஆனால் அது உயிருள்ள பொருள்போலப் பராமரிப்பு கேட்கும். என் முதல் மரக் கருவியை ஒரு குளிர்ந்த காலையில் பெட்டியிலிருந்து எடுத்த வேகத்தில் ஊதத் தொடங்கினேன். உள்ளே வெதுவெதுப்பான ஈர மூச்சு, வெளியே சில்லென்ற மரம். மேல்துண்டில் நகக்கீறல்போல ஒரு கோடு விழுந்தது. விரலால் தடவினால்கூடத் தெரியாத கோடு, ஆனால் அதன் வழியே காற்று போய்க்கொண்டே இருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புது மரக் கருவி வாங்கினால் முதல் வாரங்களில் நாளுக்குக் கால் மணி நேரம் போதும், மெதுவாகக் கூட்டுங்கள். ஊதுமுன் கைக்குள் வைத்துச் சூடாக்குங்கள்.

கேள்வி: அரை மணி நேரம் ஊதினால் வலது கட்டைவிரல் வலிக்கிறது. உதட்டோரத்திலும் காற்று கசிகிறது. பொறுத்துக்கொண்டு ஊத வேண்டுமா?

வேண்டாம். கருவியின் முழு எடையும் அந்த ஒரு கட்டைவிரலில்தான் நிற்கிறது. கருவியின் பின்புறமுள்ள கட்டைவிரல் தாங்கி, நகத்துக்கும் முதல் மூட்டுக்கும் நடுவே உட்கார வேண்டும். மூட்டைத் தாண்டி உள்ளே போனால் வலி வரும். கழுத்துப் பட்டை மாட்டிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உதட்டோரம் கசிந்தால் தசை களைத்துவிட்டது என்று பொருள். அந்த நிமிடமே நிறுத்துங்கள், ஏனென்றால் களைத்த உதடு கடிக்கத்தான் பழகும். அரை மணியைக் காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிறுத்தியதும் ரீடைக் கழற்றித் துடைத்து அதன் உறையில் வையுங்கள். துணியைக் குழாய்க்குள் விட்டு இரண்டு முறை இழுங்கள். துண்டுகள் இணையும் இடத்தையும் துடைத்துவிடுங்கள், ஈரம் தங்குவது அங்கேதான்.